முயல் தனியா, ஹாம்ஸ்டர் ஜோடியா: ஒரு செங்காங் வீட்டு கேஸ்

இந்த கேஸை முழுசா எழுதறதுக்கு காரணம், இதுல இருக்குற ரெண்டு கோளாறையும் நான் தனித்தனியா எத்தனையோ வீட்டுல பாத்திருக்கேன், ஆனா ரெண்டும் ஒரே கூரைக்கு கீழ ஒரே சமயத்துல பாத்தது இங்கதான். துணை வேணும்னு ஏங்குற பிராணிய தனியா வச்சிருந்தாங்க, துணையே ஆகாத பிராணிய ஜோடியா வச்சிருந்தாங்க. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல, எல்லாமே பாசத்துல செஞ்சதுதான். வீட்டுக்காரங்க எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க, அவங்க பேரு மட்டும் வேணாம். பிராணிங்க பேரு போட்டா பரவால்லயாம்: முயல் லட்டு, ஹாம்ஸ்டருங்க (எலி மாதிரி சின்ன பிராணி) முறுக்கு, மிக்சர்.

சிங்கப்பூர், செங்காங்ல ஃபோர் ரூம் ஃப்ளாட். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை, அம்மா சைல்ட்கேர் டீச்சர், பொண்ணு பிரைமரி 5, கூட பாட்டி. நான் சின்ன பிராணிங்கள தற்காலிகமா வீட்டுல வச்சு பாத்துக்குற ஆளு, வேலை இல்ல, ஆர்வத்துல செய்யறது. ஜூன் ஸ்கூல் லீவு அப்போ அந்த அம்மா போன் பண்ணாங்க. "அண்ணே, முயலு கைய வச்சாலே கடிக்குது, ஹாம்ஸ்டர் ராத்திரி பூரா கம்பிய கடிச்சு தூங்க விட மாட்டேங்குது, மூணையும் யாராச்சும் எடுத்துக்குவாங்களா?" பின்னாடி பாட்டி குரல் வேற கேக்குது, கீழ புல்லு நிறைய இருக்கு, அங்க விட்டா அது பாட்டுக்கு மேஞ்சுக்கும்னு.

புல்லுல விடறது பத்தி உடனே சொல்லிட்டேன். அது சட்டப்படி கைவிடறது, 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 12 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அதுக்கு மேல, வீட்டுல பொறந்து வளந்த முயலுக்கு உடும்பு, மலைப்பாம்பு, தெருப்பூனை எதுவுமே தெரியாது, நம்ம வெயிலையும் மழையையும் தாங்காது. பாட்டி அதுக்கப்புறம் அந்த பேச்சை எடுக்கல.

முதல்ல போய் பாத்தது

ஹாம்ஸ்டர் கூண்டு பொண்ணு ரூம்ல, மேசை மேல. கலர் கலரா ட்யூப் வச்ச பிளாஸ்டிக் கூண்டு, கம்பி பக்கம் எல்லாம் பெயிண்ட் உரிஞ்சு போயிருக்கு, அவ்ளோ கடிச்சிருக்குங்க. கீழ மரத்தூள் ரெண்டு விரல் உயரம் கூட இல்ல. உள்ள ஒரு குட்டி வீல். ரெண்டும் சிரியன் ஹாம்ஸ்டர், அக்கா தங்கச்சி, ஒரே ஈத்துல பொறந்தது. வாங்குன கடையில "ஒண்ணு மட்டும் எடுத்தா பாவம், துணைக்கு இன்னொண்ணு எடுத்துக்கோங்க"ன்னு சொன்னாங்களாம். பொண்ணு சொன்னா ரெண்டும் ஃபர்ஸ்ட்ல ஒண்ணு மேல ஒண்ணு படுத்து தூங்குமாம், இப்பல்லாம் சும்மா "விளையாட்டா" கட்டிப்பிடிச்சு உருளுதாம். நான் மிக்சரை ஒரு டப்பால எடுத்து திருப்பி பாத்தேன். பின்பக்கம், வயித்தோரம் எல்லாம் காய்ஞ்ச கடி, ஒரு எடத்துல சீழ். உடம்பும் இளைச்சு போயிருக்கு, ஏன்னா சாப்பாட்டு தட்டு, வீல், குட்டி வீடு மூணுமே முறுக்கு கன்ட்ரோல்ல இருக்கு. கூண்டு மூலையில ஒரு ட்யூப் உள்ளதான் மிக்சர் குடித்தனம்.

லட்டு இருந்தது சர்வீஸ் யார்ட்ல, வாஷிங் மெஷினுக்கு பக்கத்துல. வயசு ரெண்டு, பொட்டை, கருத்தடை பண்ணல. கம்பித்தரை கூண்டு, அது நீட்டி படுத்தா மூக்கும் பின்காலும் ரெண்டு பக்கமும் முட்டும். மேற்கு பாத்த யார்ட், மத்தியானம் மூணு மணிக்கு மேல வெயில் நேரா அடிக்குது. காது ரெண்டும் செவசெவன்னு, கைய கிட்ட கொண்டு போனா உர்ர்னு ஒரு சத்தம், அப்புறம் முன்னங்கால ரெண்டையும் தூக்கி குத்து. முயல் உறுமும்னே நெறைய பேருக்கு தெரியாது.

"வெளிய விடறதே இல்லையா?"ன்னு கேட்டேன். தினமும் விடறோம்னாங்க. ஸ்கூல்லேந்து வந்து ரெண்டு மணிக்கு பொண்ணு லட்டுவ தூக்கிட்டு போய் ஹால்ல அரை மணி நேரம் விடுவா, ஆனா அது ஒரு எடத்துலயே உக்காந்திருக்கும், "சோம்பேறி முயலு அண்ணே, விளையாடவே தெரியாது"ன்னு அவங்க அம்மா.

நான் அதை விட சொல்லி பாத்தேன். கேஸே எனக்கு புரிஞ்சது இங்கதான். லட்டுவ கதவுகிட்ட இருந்த மிதியடி மேல விட்டாங்க. அது மிதியடி விளிம்பு வரைக்கும் வந்துச்சு, மூக்கை நீட்டுச்சு, ஒரு முன்னங்காலை டைல்ஸ் மேல வச்சுச்சு, கால் லேசா வழுக்குச்சு, பின்னாடி இழுத்துக்கிச்சு. மறுபடியும் வந்து ரெண்டு காலையும் வச்சு உடம்பை நீட்டுச்சு, பின்காலு வழுக்கி ரெண்டு பக்கமும் விரிஞ்சு போச்சு, அலறி அடிச்சு மிதியடிக்கே திரும்பி நடுவுல குந்திக்கிச்சு. அதுக்கப்புறம் அசையல. முயல் பாதத்துல நாய் பூனைக்கு இருக்குற மெத்தை கிடையாது, முடிதான். நம்ம எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு டைல்ஸ்ல அதால ஓட முடியாது, சோம்பேறித்தனம்லாம் ஒண்ணும் இல்ல.

ஹாம்ஸ்டர் பக்கம்

இது சீக்கிரம் முடிஞ்ச பகுதி, ஏன்னா இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. சிரியன் ஹாம்ஸ்டர் வயசுக்கு வந்ததும் தனியா வாழற பிராணி. 1997லயும் 1999லயும் வடக்கு சிரியாவுல காட்டு ஹாம்ஸ்டர் வளைங்கள தோண்டி பாத்த ஆராய்ச்சியாளருங்க எந்த வளையிலயும் ஒண்ணுக்கு மேல பெரிய ஹாம்ஸ்டரை பாக்கல, வளை ஆழம் 36 செமீல இருந்து 106 செமீ வரைக்கும். குட்டியா இருக்கும்போது ஒண்ணா படுத்து தூங்குறத பாத்துட்டு பாசம்னு நினைக்கிறோம், ஒன்றரை ரெண்டு மாசம் ஆனதும் அந்த பாசம் கடியா மாறும், சில வீட்டுல காலைல எழுந்தா ஒண்ணு செத்து கிடக்கும். குள்ள ஹாம்ஸ்டர் வகையில சிலது சேந்து இருக்கும்னு சொல்றாங்க, அதுலயும் ராத்திரி சண்டை வந்தா யாரு எழுந்து பாக்கப் போறாங்க? தனித்தனியா வைங்க, அதுதான் என் கட்சி.

அன்னிக்கே பிரிச்சாச்சு. மிக்சரை வெட்கிட்ட (பிராணி டாக்டர்) கூட்டிட்டு போய் சீழ் எடுத்து மருந்து குடுத்தாங்க, ஆறிடுச்சு. பாட்டிக்குத்தான் மனசே ஆறல, "கூடப் பொறந்ததுங்கள பிரிக்கலாமாப்பா, பாவம்லப்பா"ன்னு ரெண்டு மூணு தடவ சொன்னாங்க. நான் சொன்னேன், "பாட்டி, நாம பாவம் பாத்து சேத்து வச்சதுதான் அதுங்களுக்கு பாவம்."

இடம், ஆட்டம் ரெண்டும் அடுத்து. ரெண்டுக்கும் பெரிய பெரிய பெட்டி. ஜெர்மன் பக்கம் கால்நடை மருத்துவருங்க சொல்ற கணக்கு 100க்கு 50 செமீ, 50 உயரம், அதுக்கு கீழ வேணாம்னு. இங்க முன்னாடி இக்கியா கண்ணாடி அலமாரிய படுக்க போட்டு தொட்டி பண்ணுவாங்க, பழைய சாமான் விக்கற கேரசெல் ஆப்ல இப்பவும் கிடைக்கும், இவங்களுக்கு ஒண்ணு அப்படித்தான் கிடைச்சுது, இன்னொண்ணுக்கு பெரிய ஸ்டோரேஜ் பெட்டியிலயே அப்பா ஓட்டை போட்டு வலை அடிச்சு தந்தாரு. உள்ள பேப்பர் பெட்டிங் (தோண்டறதுக்கு அடியில போடற பேப்பர் தூள்) ஒரு பக்கம் 30 செமீக்கு மேல. இது அழகுக்கு இல்ல. ஸ்விட்சர்லாந்துல 2006ல வந்த ஒரு ஆய்வுல ஹாம்ஸ்டருங்கள 10, 40, 80 செமீ ஆழ பெட்டிங்ல வச்சு பாத்தாங்க, 10 செமீல இருந்ததுங்க அதிகமா கம்பி கடிச்சுதுங்க, வீல்லயும் கூட ஓடிச்சுங்க, 80 செமீல கம்பி கடிக்கிறத பாக்கவே இல்ல. தோண்ட எடம் இல்லாம தான் கம்பிய கடிக்குது, அதை நாம "குறும்பு"ன்னு யூடியூப்ல போடுறோம்.

வீல் 28 செமீ, கம்பி இல்லாத முழுத்தட்டு. பழைய வீல்ல முறுக்கு ஓடும்போது முதுகு பின்னாடி வளைஞ்சு தலை வானத்த பாக்கும், புதுசுல முதுகு நேரா இருக்கு. வீலே கொடுமை, பைத்தியம் பிடிச்சு ஓடுதுன்னு சிலர் சொல்றாங்க. 2014ல வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வுல வெளிய திறந்த எடத்துல வீலை சும்மா வச்சு விட்டாங்க, காட்டு எலிங்க அதுங்களாவே வந்து ஏறி ஓடிட்டு போச்சுங்க, யாரும் அடைச்சு வைக்கல. ஆக வீல் வேணும், சரியான சைஸ்ல வேணும்.

தூக்கி போட சொன்னது அந்த பிளாஸ்டிக் பந்து. தினமும் சாயங்காலம் தூங்குற ஹாம்ஸ்டரை எழுப்பி பந்துக்குள்ள போட்டு ஹால்ல உருட்டுவாங்களாம், "எக்சர்சைஸ்". அதுக்கு கண்ணு சரியா தெரியாது, மூக்கும் மீசையும்தான் உலகம், பந்துக்குள்ள ரெண்டும் வேலை செய்யாது. இடுக்குல விரல் மாட்டும், நம்ம புழுக்கத்துல உள்ள காத்தும் இல்ல. பந்துக்கு பதிலா ஒரு கிண்ணத்துல மணல் குளியல், தட்டுல கொட்டாம பெட்டிங் பூரா தூவி விடற சாப்பாடு, டாய்லெட் ரோல், ஒரு பக்கம் தொறந்த மரப்பெட்டி. பொண்ணுக்கு கொஞ்சம் ஏமாத்தம்தான், கையில வச்சு கொஞ்சணும்னு அவளுக்கு. ராத்திரி ஒம்போதுக்கு மேல அதுங்களே வெளிய வரும், அப்ப கைய உள்ள வச்சா ஏறும் ஏறாது அதோட இஷ்டம்னு சொல்லி வச்சிருக்கேன்.

கம்பி கடிக்கிற சத்தம் நின்னுடுச்சு, கம்பியே இல்லல்ல. வீல் சத்தம் இருக்கு. அதுக்கு தொட்டிகள ஹால்ல மாத்திட்டாங்க.

லட்டு கதை

முயல் நேர் எதிர். காட்டுல கூட்டமா வளையில வாழற இனம், இன்னொரு முயல் பக்கத்துல காவலுக்கு இருந்தா நிம்மதியா கண்ணசரும். அதை தனியா, கூண்டுல, சத்தம் போடற மெஷின் பக்கத்துல, வெயில்ல வச்சா அது கடிக்காம என்ன பண்ணும். 28 டிகிரிக்கு மேல போனாலே அதுக்கு கஷ்டம், வேர்வை கிடையாது, காது வழியாத்தான் சூடு வெளிய போகும், நம்ம ஊர்ல மத்தியானம் 32, 33 சாதாரணம்.

முதல் வேலை எடம் மாத்தறது. ஹால்ல சாமி மேடை பக்கத்து மூலைதான் காத்தோட்டமா இருந்துச்சு, பாட்டி ஒத்துக்கல, நியாயம்தான். கடைசில டிவிக்கு எதிர் சுவரோரம், சோபாவ நகத்திட்டு, வேலி மாதிரி மடிக்கிற ப்ளேபென். கூண்டை உள்ள வச்சு கதவ கழட்டியே விட்டாச்சு. பிரிட்டன்ல ரேபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் ரெண்டு முயலுக்கு சொல்ற எடம் 3 மீட்டருக்கு 2 மீட்டர், 1 மீட்டர் உயரம், 24 மணி நேரமும் அதுக்கே. ஃபோர் ரூம்ல அவ்ளோ எங்க போறது, இவங்களால ஒன்றரைக்கு ரெண்டு தான் முடிஞ்சுது, அதோட காலைலயும் சாயங்காலத்துலயும் வேலிய தொறந்து ஹால் முழுக்க விடுறாங்க. நேரம் ரொம்ப முக்கியம். முயல் விடியக்காலையும் பொழுது சாயற நேரமும் தான் துள்ளும். மத்தியானம் ரெண்டு மணி அதோட தூக்க நேரம், அப்ப தூக்கிட்டு போய் விளையாடுன்னா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவர எழுப்பி ஓட சொல்றா மாதிரி, அப்பாவுக்கு இத சொன்ன உடனே புரிஞ்சுடுச்சு.

டைல்ஸ் மேல தரைவிரிப்பு, அடியில வழுக்காத வலை. ப்ளேபென் உள்ள கோரைப்பாய், அதை லட்டு கடிச்சு பிரிச்சு போடும், போடட்டும், அதுவும் விளையாட்டுதான். விரிப்பு போட்ட சாயங்காலம் பொண்ணு வீடியோ அனுப்புனா. சோபா கால்லேர்ந்து டிவி வரைக்கும் ஒரே ஓட்டம், திரும்ப ஓட்டம், நடுவுல அந்தரத்துல எகிறி இடுப்ப ஒரு பக்கம் தலைய ஒரு பக்கம் முறுக்கி ஒரு துள்ளு, பின்காலு காத்துல உதறுது. பாட்டி குரல், "ஏய் வலிப்பா பாரு!" வலிப்பு இல்ல பாட்டி, சந்தோஷம், அதுக்கு பேரே பிங்கி.

விளையாட்டு சாமானுக்கு காசு செலவு பண்ண வேணாம்னு சொன்னேன். சூப்பர்மார்க்கெட் அட்டைப்பெட்டில ரெண்டு வாசல் வெட்டுனா வளை. எப்பவும் ரெண்டு வாசல், ஒண்ணுன்னா மாட்டிக்குவோம்னு பயப்படும். இன்னொரு பெட்டில கிழிச்ச பேப்பர் போட்டா தோண்டறதுக்கு. டாய்லெட் ரோல்ல டிமதிங்கற புல்லோட வைக்கோல் திணிச்சா அரை மணி நேரம் ஓடும். சாப்பாட்டுல பெரும்பங்கு வைக்கோல் தான் இருக்கணும், பல்லு வாழ்நாள் பூரா வளரும், அதை தேய்க்கறது அந்த மெல்லற வேலைதான், இவங்க பெல்லட் தீனியும் கேரட்டுமா குடுத்து குண்டாக்கி வச்சிருந்தாங்க. தேக்கா மார்க்கெட் போறப்ப கொத்தமல்லி புதினா ஒரு கட்டு கூட வாங்கிக்கறாங்க இப்ப. ஒயர் எல்லாத்துக்கும் கவசம் போட்டாச்சு, அப்படியும் அப்பாவோட சார்ஜர் ஒண்ணு போச்சு.

தூக்கறது நிறுத்தியாச்சு. இதுல நான் கறார். முயலுக்கு எலும்பு லேசு, பின்கால் தசை பலம், தூக்கும்போது பயந்து உதைச்சா முதுகெலும்பு முறியும். மேலேந்து கை வருதுன்னா அதுக்கு பருந்து வருதுன்னு அர்த்தம். பொண்ணு தரையில உக்காந்து ஹோம்வொர்க் பண்ணட்டும், முயல் வந்தா வரட்டும். கொஞ்ச வாரத்துல அது வந்து கணக்கு நோட்டு ஓரத்த கடிச்சுட்டு தாடைய தேய்ச்சுட்டு போச்சு, இது என்னோடதுன்னு முத்திரை.

கடி பாதி குறைஞ்சுது, முழுசா இல்ல. கருத்தடை பண்ணாத பொட்டை முயலுக்கு எடத்து மேல வர்ற உரிமை கோவம் ஹார்மோன் சமாச்சாரம். அதை விட முக்கியம், கருத்தடை பண்ணாம வயசானா கர்ப்பப்பை கேன்சர் ரொம்ப சகஜம். ஆகஸ்ட்ல பண்ணாங்க, சில நூறு வெள்ளி ஆச்சு, அப்பா முகம் கொஞ்சம் கோணுச்சு. முயல் பாக்கத் தெரிஞ்ச வெட்டா தேடிப் போகணும், எல்லா கிளினிக்லயும் பாக்க மாட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போட தேவையில்ல, அதுக்கு வாந்தியே வராது, வயிறு காலியா இருந்தாதான் ஆபத்து.

அந்த ஆபத்து என்னன்னு தீபாவளி அன்னிக்கு தெரிஞ்சுது. ஓப்பன் ஹவுஸ், வீடு பூரா ஆளு, சொந்தக்கார பசங்க வேலிய சுத்தி கைய உள்ள விட்டு துரத்தி இருக்காங்க. ராத்திரி லட்டு மூலைய விட்டு வரல, வைக்கோல் தொடல, புழுக்கையே இல்ல. பன்னெண்டு மணி நேரம் சாப்பிடலன்னா முயலுக்கு அது அவசர கேஸ், குடல் நின்னுடும். ராத்திரி திறந்திருக்குற கிளினிக்குக்கு ஓடி, ஊசி, சிரிஞ்சுல கூழு, மறுநாள் சாயங்காலம் புழுக்கை போட்டுச்சு. புழுக்கைய பாத்து ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டத அன்னிக்குதான் பாத்தேன். இப்ப விருந்தாளி வந்தா ப்ளேபென் படுக்கை ரூமுக்கு போயிடும்.

ஜோடி சேத்தது

ரெண்டாவது முயல் வேணுமான்னு ரொம்ப பேச்சு நடந்துச்சு. எல்லா வீட்டுக்கும் நான் இத சொல்ல மாட்டேன். எட்டு பத்து வருஷம் வாழற பிராணி, வைக்கோல், வெட், தடுப்பூசி எல்லாம் ரெட்டிப்பு. முயலுங்களுக்கு வர்ற ரத்தக்கசிவு நோய் 2020 செப்டம்பர்ல சிங்கப்பூர்லயே வந்துச்சு, அதனால தடுப்பூசி விஷயத்துல விளையாட முடியாது. ஆனா இந்த வீட்டுல பகல்ல பாட்டி டிவி பாப்பாங்க, மத்தவங்க யாரும் இல்ல, அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ (பிரைமரி 6 கடைசி பரீட்சை) வேற, பொண்ணு தரையில உக்காற நேரமும் குறையும். அப்ப லட்டுக்கு நாள்ல பத்து மணி நேரம் யாரு? பாட்டிதான் முடிவு பண்ணாங்க, "பிரிக்கறதுக்கு சொன்ன, பிரிச்சோம். சேக்கறதுக்கு சொல்றியே, அதையும் செஞ்சு பாப்போம்."

கடையில வாங்கல. ஹவுஸ் ரேபிட் சொசைட்டி சிங்கப்பூர் மாதிரி அமைப்புங்ககிட்டயும் என்ன மாதிரி ஆளுங்ககிட்டயும் கைவிட்ட முயலுங்க எப்பவும் காத்துக்கிட்டு இருக்கு. கருத்தடை ஆன கடா, கருத்தடை ஆன பொட்டை, இதுதான் சேர வாய்ப்பு அதிகமான ஜோடி. கடாவுக்கு ஆபரேஷன் ஆகி சில வாரம் வரைக்கும் கூட குட்டி போட வைக்கிற சக்தி இருக்கும், அத மறந்து நெறைய பேர் மாட்டிக்கிறாங்க.

முதல்ல பாத்த கடா சின்ன வயசு, துறுதுறு. சந்திப்பு நடந்தது பக்கத்து வீட்டு ஹால்ல, ரெண்டுக்குமே சொந்தம் இல்லாத எடமா இருக்கணும். அது நேரா போய் லட்டு மேல ஏறுச்சு, லட்டு வாலை தூக்கிக்கிட்டு திரும்புச்சு, ரெண்டும் வட்டமா சுத்த ஆரம்பிச்சுதுங்க, முடி பறந்துச்சு. வட்டம் சுத்தினா வேடிக்கை பாக்கக்கூடாது, கையில தடியான கையுறை, நடுவுல ஒரு அட்டை, முடிச்சுக்கணும். கேன்சல்.

அடுத்தது அஞ்சு வயசு ஆளு, ஒரு காது மடிஞ்சது, எதுக்கும் அலட்டிக்காத டைப், பொண்ணு பேரு வச்சா பூந்தி. வேலிக்கு அந்த பக்கம் இந்த பக்கமா, மூக்கு எட்டாத இடைவெளி விட்டு, டிசம்பர் லீவு பூரா. தினமும் மலப்பெட்டிய மாத்தி மாத்தி வச்சாங்க, வாசனை பழகட்டும்னு. சாப்பாடு வேலி ஓரத்துல ரெண்டு பக்கமும் ஒரே நேரம். அப்புறம் பக்கத்து வீட்டுல கொஞ்ச கொஞ்ச நேரம், நடுவுல கொத்தமல்லி. பூந்தி தலைய தரையில வச்சு நக்கிவிடுன்னு கேக்கும், லட்டு கண்டுக்காம உக்காந்திருக்கும், ஒரு நாள் நக்குச்சு, காதுலேந்து கண்ணு வரைக்கும். சும்மா சும்மா பாயறது அதுக்கப்புறமும் இருந்துச்சு, ஆனா கடி இல்ல. ஜனவரியில வேலிய எடுத்துட்டாங்க.

இப்ப நிலைமை

லட்டு குடும்பத்துல யாரையும் கடிக்கல, நகம் வெட்டறப்ப மட்டும் கடிக்கும், அதுக்கு அப்பா டவல்ல சுத்தி பிடிக்கறாரு. எடை இன்னும் கொஞ்சம் இறங்கணும். பின்கால் அடியில கம்பித்தரையால வந்த சிவப்பு போயிடுச்சு, முடி மட்டும் மெல்ல வளருது. யார்ட்ல இருந்த பழைய கூண்டை சைக்கிள் ஹெல்மெட் வைக்க வச்சிருக்காங்க.

மார்ச் லீவுல ஊர்ல கல்யாணம், குடும்பமே இந்தியா போகுது. முயல் ரெண்டையும் ஒண்ணா என்கிட்ட விடணும், ஒண்ண மட்டும் தனியா கொண்டு போனா திரும்பி வந்ததும் மறுபடி முதல்லேந்து சேக்க வேண்டி வரும்னு சொல்லி வச்சிருக்கேன். வெட்டுக்கு போனா கூட ரெண்டும் ஒரே கேரியர்ல தான். ஹாம்ஸ்டர் தொட்டிகள நகத்தினா வளையெல்லாம் இடிஞ்சுடும், அதனால அது அங்கேயே இருக்கும், கீழ் மாடில இருக்குற சித்தப்பா பையன் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ வந்து தண்ணி மாத்தி சாப்பாடு தூவிட்டு போவான். அவனுக்கு பாட்டி எழுதி ஒட்டியிருக்காங்க, முறுக்கையும் மிக்சரையும் எந்த காரணம் கொண்டும் ஒண்ணா விடக்கூடாதுன்னு, கீழ ரெண்டு கோடு போட்டு.